தொலைந்த மோதிரமும் நூற்று நான்கு குழிகளும்

செப்டெம்பர் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, இங்கிலாந்தின் இப்ஸ்விச்சில் நாங்கள் ஆண்டு வாடகைக்கு எடுத்திருக்கும் அலொட்மென்ட் தோட்டத்துண்டில் உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தபோது, மனைவியின் விரலிலிருந்து 22 கரட் மோதிரம் ஒன்று கழன்று விழுந்துவிட்டது. எடை மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவு. வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் விரல் வெறுமையாக இருப்பது தெரிந்தது. மறுநாள் முழுவதும் இருவரும் மண்ணை அரிதட்டில் அரித்துப் பார்த்தோம். ஐந்து மீற்றர் அகலமும் பன்னிரண்டு மீற்றர் நீளமும் கொண்ட துண்டில் ஒரு மூலையைக்கூட முடிக்க முடியவில்லை. அடுத்த வாரம் நடுத்தர விலையில் உலோகம் கண்டறியும் டிடெக்டர் ஒன்றை வாங்கினேன். பெட்டியைக் கண்டதும் மனைவி கேட்டது இதுதான்: "இஞ்சரப்பா, இஞ்ச ஆர் மிதிவெடி தாட்டவை எண்டு இதை வாங்கிக்கொண்டு வந்தனீங்கள்?"

அவர் கேட்டதில் பிழையில்லை. வன்னியிலிருந்து வந்தவர்களுக்கு, நிலத்தின் மேல் வட்டத்தட்டை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு ஒருவர் மெதுவாக நடந்தால் அது ஒரே ஒரு வேலையைத்தான் குறிக்கும். இன்று பொழுதுபோக்குக்காரர்கள் தோளில் மாட்டிக்கொண்டு திரியும் இந்தக் கருவியின் வரலாற்றிலும் மிதிவெடிக்குப் பெரிய பங்கு உண்டு. ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு நடக்கக்கூடிய வெடி தேடும் கருவியை, இரண்டாம் உலகப் போரின்போது ஸ்கொட்லாந்தில் தங்கியிருந்த போலந்துப் படை அதிகாரி யோசெஃப் கோசாட்ஸ்கி வடிவமைத்தார். 1942இல் எகிப்தின் எல் அலமெயின் பாலைவனத்தில் ஜேர்மன் படை புதைத்த வெடிகளுக்கிடையே வழி திறக்க அது பயன்பட்டது. போருக்குப் பின் மிஞ்சிய இராணுவக் கருவிகளோடுதான் பலர் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கினார்கள்.

கருவியைப் பொருத்துவதற்குப் பத்து நிமிடம் போதும். தண்டின் அடியில் சுருள் அடங்கிய தட்டு, மேலே திரையும் பொத்தான்களும், முழங்கைக்கு ஒரு தாங்கி, அவ்வளவுதான். தட்டுக்குள் இருக்கும் ஒரு சுருளில் வினாடிக்குச் சில ஆயிரம் தடவை திசை மாறும் மின்னோட்டம் ஓடுகிறது. அதனால் உண்டாகும் காந்தப்புலம் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சிறு சுழல் மின்னோட்டங்களை எழுப்ப, அவை எழுப்பும் எதிர்ப்புலத்தை இரண்டாவது சுருள் வாங்கிக்கொள்கிறது. அனுப்பிய அலைக்கும் திரும்பி வந்த அலைக்கும் இடையிலான நேரப் பிந்தல் உலோகத்துக்கு உலோகம் வேறுபடும். வெள்ளியும் செம்பும் ஒரு விதமாகவும், ஈயமும் அலுமினியமும் வேறு விதமாகவும், இரும்பு முற்றிலும் வேறாகவும் பதில் சொல்கின்றன. அந்தப் பிந்தலைத்தான் கருவி ஓர் எண்ணாகத் திரையிலும் ஒரு தொனியாகக் காதிலும் தருகிறது. என் கருவியில் எண்கள் 0 முதல் 99 வரை ஓடும். வேறு கருவியில் இதே பொருளுக்கு வேறு எண் வரலாம்.

முதல் நாள் மாலை தோட்டத்தில் கருவியை இயக்கியபோது அது நிறுத்தாமல் கத்தியது. மண்ணில் ஒன்றும் இல்லாத நடைபாதையிலும் கத்தியது. தட்டை நிலத்திலிருந்து உயர்த்திப் பிடித்தாலும் கத்தியது. கையேட்டில் சொன்னபடி மண்ணின் கனிமத்துக்கு ஏற்பச் சமன் செய்தேன், உணர்திறனைப் பாதியாகக் குறைத்தேன், கைத்தொலைபேசியை அணைத்துக் கூடையில் போட்டேன். தண்டில் தொய்வாகத் தொங்கிய கேபிளை இறுக்கிச் சுற்றி நாடாவால் கட்டியதும் பாதி இரைச்சல் அடங்கிவிட்டது. சுருளின் அருகே கேபிள் அசைந்தாலே கருவி அதை உலோகம் என்று எடுத்துக்கொள்ளும் என்பதை அன்றுதான் அறிந்தேன். மீதி இரைச்சல் மட்டும், தட்டை வலப்பக்கம் ஆட்டும்போதெல்லாம் ஒழுங்காக ஒரு தடவை வந்துகொண்டே இருந்தது. இருட்டும் வரை அதோடு மல்லுக்கட்டிவிட்டு, கருவியில் பழுது, திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்ற முடிவோடு வீடு திரும்பி வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். அது நான் வேலைக்குப் போடும் பண்டகசாலைச் சப்பாத்து. விரல் நுனியைக் காக்க உள்ளே உருக்குத் தகடு வைத்தது. வலக்காலை முன்வைக்கும் ஒவ்வொரு தடவையும் நான் என் காலைத்தான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

இதில் எனக்கு முன்னோடியாகப் பெரிய மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பது பின்னர் படித்தபோது ஆறுதலாக இருந்தது. 1881 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சுட்ட துப்பாக்கிக் குண்டு உடலுக்குள் எங்கே நிற்கிறது என்று தேட, தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் சுருள்களைக் கொண்டு ஒரு கருவி செய்துகொண்டு வெள்ளை மாளிகைக்குப் போனார். சோதனைகளில் நன்றாக வேலை செய்த கருவி நோயாளியின் உடலில் தடுமாறியது. கட்டில் மெத்தைக்குள் இருந்த உருக்குச் சுருள்கள் ஒரு காரணம்; குண்டு வலப்பக்கம் இருப்பதாக நம்பிய மருத்துவர் அந்தப் பக்கத்தை மட்டுமே தேடவிட்டது இன்னொன்று. உண்மையில் குண்டு இடப்பக்கம் இருந்தது. கார்ஃபீல்ட் செப்டெம்பரில் இறந்துபோனார். என் காலையே கண்டுபிடித்த அன்று முதல் இறப்பர் சப்பாத்துத்தான் எனக்கு.

அலொட்மென்டில் எனக்குப் பக்கத்துத் துண்டைப் பயிரிடும் முதியவர் முப்பது வருடமாக டிடெக்டரோடு திரிபவர். மோதிரத்தைத் தேடுவதற்கு முன் கருவியின் மொழியைப் படித்துக்கொள்ளும்படியும், அதற்கு ஒரு சோதனைப் பாத்தி வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். வீட்டுப் பின்புறப் புல்தரையில் உலோகம் இல்லாத இரண்டு மீற்றர் நீளத்தைத் தேர்ந்து, தெரிந்த பொருள்களைத் தெரிந்த ஆழத்தில் புதைத்துக் குச்சி நட்டேன். முதலில் புதைத்த ஒரு பென்னி நாணயமே என்னைக் குழப்பியது. கருவி அதை இரும்போடு சேர்த்து உறுமித் தள்ளியது. 1992 முதல் ஒரு பென்னியும் இரண்டு பென்னியும் செம்பு பூசிய உருக்கில் அச்சாகின்றன, அதற்கு முந்தியவை வெண்கலம் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தபோது புதியவை ஒட்டிக்கொண்டன, பழையவை அசையவில்லை. 1971க்கு முந்திய பெரிய வெண்கலப் பென்னி, பதினைந்து சென்ரிமீற்றர் ஆழத்திலும் எண் 84இல் மணி அடித்தாற்போல் கேட்டது. அதே ஆழத்தில் ஆறு பென்ஸ் வெள்ளிக் காசு 70ஐ ஒட்டி வந்தது. இருபது சென்ரிமீற்றருக்குக் கீழே போனதும் எண்கள் நடுங்கத் தொடங்கின; எழுபது வரவேண்டிய இடத்தில் ஐம்பதும் அறுபதும் மாறி மாறி வந்தன.

முக்கியமான சோதனை கடைசியில்தான் நடந்தது. தொலைந்த மோதிரத்தோடு ஏறத்தாழ ஒத்த எடையுள்ள இன்னொரு மோதிரத்தை மனைவியிடம் கேட்டு வாங்கினேன். கொடுக்க அவருக்குச் சம்மதமில்லை, நூல் கட்டிப் புதைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகே கிடைத்தது. அதன் எண் 47. சொக்கலேட் சுற்றும் அலுமினியத் தாளைச் சுருட்டிப் புதைத்தால் 35 முதல் 45 வரை. பானத் தகரத்தைத் திறக்கும் இழுவளையம் 46 முதல் 55 வரை. தங்கம் குப்பையின் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. குப்பைச் சத்தம் வேண்டாம் என்று முதல் நாளே நான் 20 முதல் 55 வரையான எண்களைக் கருவி ஒலிக்காதபடி விலக்கி வைத்திருந்தேன். அந்த அமைப்போடு இரண்டு மாலைகள் தோட்டத்துண்டு முழுவதையும் நடந்து முடித்து, மோதிரம் இங்கே இல்லை என்று வீட்டில் அறிவித்தும் இருந்தேன். நான் கேட்க வேண்டாம் என்று சொன்னதைக் கருவி கீழ்ப்படிந்து கேட்காமல் விட்டிருக்கிறது.

ஒக்டோபரில் வேலையை முறையாகத் தொடங்கினேன். துண்டின் நீளவாக்கில் ஒரு மீற்றருக்கு ஒன்றாகக் கயிறு கட்டி, ஒவ்வொரு ஓடையிலும் தட்டை நிலத்தோடு ஒட்டினாற்போல் ஆட்டி, ஒரு வீச்சின் பாதியை அடுத்த வீச்சு மூடும்படி நடந்தேன். புதியவர்கள் செய்யும் பிழை, வீச்சின் இரு முனையிலும் தட்டை ஊஞ்சல்போல் மேலே தூக்கிவிடுவது. தட்டு ஐந்து சென்ரிமீற்றர் உயர்ந்தால் ஆழத்தில் ஐந்து சென்ரிமீற்றர் போய்விடும். ஒலி கேட்ட இடத்தில் தொண்ணூறு பாகை திரும்பி நின்று குறுக்காகவும் ஆட்டிப் பார்ப்பேன். இரு திசையிலும் ஒரே எண் வந்தால் தோண்ட வேண்டும், ஒரு திசையில் மட்டும் வந்து மறு திசையில் உடைந்தால் பெரும்பாலும் வளைந்த ஆணி. அலொட்மென்ட் மண் இதற்கு இலகுவான மண் அல்ல. தலைமுறை தலைமுறையாக வீட்டு அடுப்புச் சாம்பலைக் கொட்டி வந்திருக்கிறார்கள். அதற்குள் கிடக்கும் எரிந்த நிலக்கரிக் கட்டிகளும் உலோகம்போலவே ஒலிக்கின்றன.

நான்காவது சனிக்கிழமை, ஐம்பத்தெட்டாவது குழியில், லீக்ஸ் நட்டிருந்த வரிசையின் ஓரமாகப் பதினொரு சென்ரிமீற்றர் ஆழத்தில் மோதிரம் கிடைத்தது. திரையில் எண் 45. அதற்கு முந்திய குழியில் வந்த சொக்கலேட் தாளுக்கும் 45தான்.

அதோடு கருவியைப் பெட்டியில் வைத்துக் கட்டியிருக்கலாம். ஆனால் அந்த ஐம்பத்தெட்டுக் குழிகளில் ஒன்றிலிருந்து 1862ஆம் ஆண்டு விக்டோரியா பென்னி ஒன்றும் வந்திருந்தது. முகம் தேய்ந்து ஆண்டு மட்டும் தெளிவாகத் தெரிந்த காசு. அதைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்துத் துண்டு முதியவரிடம் அடுத்து எங்கே போகலாம் என்று கேட்டேன். முதலில் சட்டத்தைப் படி, பிறகு கதவைத் தட்டு என்றார்.

இங்கிலாந்தில் எவருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று ஒன்று இல்லை. பூங்காவோ பொதுவெளியோ வயலோ, உரியவரின் அனுமதி இல்லாமல் டிடெக்டரை இயக்கக்கூடாது. மண்ணில் புதைந்திருக்கும் பொருளில் நிலத்துக்கு உரியவரின் உரிமையே முன்னிற்கும் என்பதால், தேட அனுமதி வாங்குவது வேறு, கிடைப்பதை யார் வைத்துக்கொள்வது என்று பேசிக்கொள்வது வேறு. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில், நில உரிமையாளரே அழைத்தாலும், 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுத் தொல்மரபு அமைப்பின் எழுத்து அனுமதி இல்லாமல் கருவியை இயக்குவதே குற்றம். 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னொரு படி மேலே போகிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட, பத்து விழுக்காடாவது பொன்னோ வெள்ளியோ கலந்த, காசல்லாத பொருள், அதே அளவு பழைமையான இரண்டோ அதற்கு மேற்பட்டோ பொன் வெள்ளிக் காசுகள், சாதாரண உலோகமானால் பத்துக் காசுகள் ஓரிடத்தில் கிடைத்தால், அது புதையல் என்று அறிந்த பதினான்கு நாட்களுக்குள் அந்தப் பகுதி மரண விசாரணை அதிகாரிக்கு அறிவித்தாக வேண்டும். 2023ஆம் ஆண்டு ஜூலை முதல், இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டதும் வரலாற்றுச் சிறப்பு மிக்கதுமான பொருள்களும் இதற்குள் வந்துவிட்டன. அருங்காட்சியகம் எதுவும் வாங்கினால் மதிப்புத் தொகை கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் பெரும்பாலும் சரிபாதியாகப் போகும்.

ஊரிலுள்ள நண்பர்கள் சிலர் படங்களைப் பார்த்துவிட்டுத் தாங்களும் தொடங்கலாமா என்று கேட்டார்கள். இலங்கையில் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் உரிமம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவதைத் தடுக்கிறது. இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி மண்ணிலிருந்து கிடைக்கும் புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமதியானால்கூட மாவட்ட ஆட்சியரிடம் அறிவிக்க வேண்டும். அவர்களுக்கு நான் சொன்ன பதில், வேண்டாம் என்பதுதான்.

கதவைத் தட்டுவது சட்டத்தைப் படிப்பதைவிடக் கடினமாக இருந்தது. ஐந்து பண்ணைகளுக்குப் போனேன். இரண்டில் மறுத்தார்கள், இரண்டில் முன்பே வேறு ஆட்கள் இருந்தார்கள். ஐந்தாவது கமக்காரர், இரவில் களவாக வந்து வயலைக் கிண்டிவிட்டுப் போனவர்களைப் பற்றி இருபது நிமிடம் பொரிந்து தள்ளினார். நான் கையோடு கொண்டுபோன காப்புறுதிப் பத்திரத்தையும், ஒரு பக்க ஒப்பந்தத் தாளையும், மோதிரக் கதையையும் கேட்ட பிறகு ஒரு வயலைத் தந்தார்: அறுத்த கதிரின் அடித்தாள் அப்படியே நிற்கும், மார்ச் மாதம் பார்லி விதைக்கும்வரை சும்மா கிடக்கும் ஏழு ஏக்கர். கதவுகளை எப்படிக் கண்டேனோ அப்படியே விட வேண்டும், சினைப்பட்ட ஆடுகள் நிற்கும் பக்கத்து மேய்ச்சல் நிலத்துக்குள் கால் வைக்கக்கூடாது, எது கிடைத்தாலும் முதலில் அவருக்குக் காட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் இருவரும் கையொப்பமிட்டோம்.

சஃபோக் மாவட்டத்துக் கமக்காரர்கள் டிடெக்டர்காரர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எப்படியும் ஹொக்ஸனில் வந்து நிற்பார்கள். 1992 நவம்பர் 16ஆம் திகதி, அந்தக் கிராமத்துக் கமக்காரர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடித்தரப் போன அவருடைய நண்பர் எரிக் லோஸின் கருவி, ரோமானியக் காலச் செல்வக் குவியல் ஒன்றின் மேல் ஒலித்தது. ஏறத்தாழப் பதினையாயிரம் பொன் வெள்ளிக் காசுகள், நகைகள், வெள்ளிக் கரண்டிகள். பொருள்கள் வரத் தொடங்கியதும் அவர் மேலும் தோண்டாமல் நிறுத்தி அறிவித்ததால், தொல்லியலாளர்கள் மறுநாளே வந்து, மரப்பெட்டிக்குள் எது எதன்மேல் எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பது கலையாமல் எடுத்தார்கள். அக்குவியலில் வெள்ளியால் செய்த மிளகுத்தூவிகள் நான்கு இருந்தன. அவற்றில் ஒன்று பெண்ணுருவம். முசிறித் துறையில் பொன்னைக் கொடுத்துக் கறி என்னும் மிளகை ஏற்றிப்போன யவனர் கலங்களைச் சங்கப் பாடலில் படித்த நாம், அந்தக் கறி போய்ச் சேர்ந்த உணவு மேசைகளில் ஒன்றை இங்கே பார்க்கிறோம். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். தேடப்போன சுத்தியலும் கிடைத்தது. அதுவும் அங்கேதான் இருக்கிறது.

நவம்பர் நடுப்பகுதியில் வயலுக்கு இறங்கினேன். அலொட்மென்டைப்போல் ஏழு ஏக்கரையும் கயிறு கட்டி அளக்க முடியாது. வயலின் பழைய ஒற்றையடிப் பாதை வாயிலிலிருந்து வேலிமூலை வரை போவதைப் பழைய வரைபடத்தில் பார்த்து, மனிதர் நடந்த இடத்தில்தான் பொருள் விழுந்திருக்கும் என்ற கணக்கில், அந்தக் கோட்டின் இரு பக்கமும் தாள் வரிசைகளுக்கு இடையே நடந்தேன். உயர நிற்கும் அடித்தாள் கருவியின் தட்டை நிலத்தைத் தொடவிடாது. அதை ஓரளவு மிதித்து மடக்கிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் ஒரே ஒழுங்கு. ஒலியின் நடுவைக் குறுக்கும் நெடுக்குமாக ஆட்டிக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்குவேன். நடுவிலேயே குத்தினால் காசின் முகத்தில் வெட்டு விழும். எடுத்த மண்ணைச் சாக்குத் துண்டின் மேல் போட்டு, பின்பாயிண்டர் என்னும் முழம் நீளம் இல்லாத சிறு தேடுகோலால் துழாவி, பொருள் வந்த பிறகு குழிக்குள் இன்னொரு தடவை தட்டைக் காட்டிவிட்டு, மண்ணைத் திருப்பிப் போட்டு மிதித்து மூடுவேன். புல்தரையானால் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காம் பக்கத்தைக் கீல்போல் விட்டு, புற்கட்டியைப் புத்தகத்தின் பக்கத்தைப்போல் மடித்துத் திறந்து பிறகு அப்படியே மூட வேண்டும். வேர் அறுந்த புல் ஒரு வாரத்தில் மஞ்சளாகிவிடும், அடுத்த முறை வாயிலுக்குள் விடமாட்டார்கள்.

பெப்ரவரி முடிய ஒன்பது நாட்கள் போயிருந்தேன். குறிப்பேட்டின்படி 104 குழிகள். பறவை வேட்டைத் தோட்டாக்களின் பித்தளை அடிகள் 31. ஆணி, லாடம், கலப்பை உடைவு என்று இரும்பு 22. பெரிய இரும்பு ஆழத்தில் கிடந்தால் நல்ல உலோகம்போல் நடிக்கும். அலுமினியத் தாளும் கதிரறுக்கும் பொறி அரைத்துத் துப்பிய தகரத் துணுக்குகளும் 16. ஈயம் 14, அவற்றுள் ஐந்து பழைய துப்பாக்கிகளின் உருண்டைக் குண்டுகள். பொத்தான்கள் 7. எரிந்த நிலக்கரி 6. நீராவிப் பொறியால் உழுத காலத்தின் எச்சமாக இருக்கலாம் என்றார் முதியவர். காசுகள் 5, வார்ப்பூட்டு 1, கிண்கிணி மணி 1. ஒரு குழியில் முழங்கையளவு தோண்டியும் ஒன்றும் வரவில்லை, அதையும் எழுதிவைத்தேன். இத்தனை பொத்தானும் காசும் ஆளில்லா வயலில் எப்படி வந்தன என்று எனக்கு நெடுநாள் புரியவில்லை. நகரத்து மலக்கழிவையும் வீட்டுக் குப்பையையும் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து வயலுக்கு எருவாகக் கொட்டியிருக்கிறார்கள். மலகூடத்தில் கழன்று விழுந்த பொத்தான் பல மைல் பயணம் செய்து பார்லிக்கு உரமாக வந்திருக்கிறது.

அந்தக் கிண்கிணியைப் பற்றி ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நெல்லிக்காய் அளவு, உள்ளே இரும்புப் பரல், குலுக்கினால் மண் நிறைந்த தொண்டையிலிருந்து மெல்ல ஒரு சத்தம். குதிரைச் சேணத்திலோ ஆட்டின் கழுத்திலோ கட்டியிருப்பார்கள். நம் நாட்டியச் சதங்கையின் பரல்மணியைப் பெரிதாக்கினால் அதுதான். பச்சைப் படலம் மூடியிருந்ததைப் பார்த்து, வீட்டில் குத்துவிளக்குத் துலக்குவதுபோல் பழப்புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் மணி பளபளத்தது. இரண்டு வாரத்தில் வெளிறிய புள்ளிகள் அரும்பித் தொட்டால் உதிரத் தொடங்கின. செம்புக் கலவையின் மேல் நூற்றாண்டுகளாகப் படிந்த அந்தப் பச்சைத் தோல்தான் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காத்து நின்றது. அதில்தான் வார்த்தவர் பதித்த எழுத்துகளும் அலங்காரக் கோடுகளும் நின்றிருக்கும். இப்போது அவற்றில் பாதி இல்லை. அன்றிலிருந்து செம்பு, வெண்கலம் எதையும் நான் கழுவுவதில்லை. காயவிட்டு, முள் போன்ற மரக்குச்சியால் மண்ணை மட்டும் உதிர்த்து, காற்றுப்போகும் சிறு பெட்டியில் வைக்கிறேன். வெள்ளிக்குத் தண்ணீர் போதும், தேய்ப்பு வேண்டாம்.

ஜனவரி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, வேலிமூலைக்கு முப்பது மீற்றர் இப்பால், எண் 41 வந்தது. சின்னஞ்சிறு, ஆனால் இரு திசையிலும் உடையாத ஒலி. அலுமினியத் தாள் என்றே நினைத்தேன். மோதிரத்தின் பாடம் இல்லாதிருந்தால் தாண்டிப் போயிருப்பேன். மண்கட்டியை உடைத்தபோது பாதி நிலா வடிவில் ஒரு மெல்லிய தகடு வெளிப்பட்டது. ஒரு பக்கம் முகத்தின் பாதி, மறு பக்கம் விளிம்பு வரை நீண்ட சிலுவையின் கை. சிலுவைக் கோட்டின் வழியே நேராக வெட்டப்பட்டிருந்தது. சில்லறைக் காசு இல்லாத இடைக்காலத்தில் வெள்ளிப் பென்னியைச் சிலுவைக் கோட்டில் இரண்டாகவும் நான்காகவும் வெட்டி அரைப் பென்னி, கால் பென்னி என்று கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். உடனே நிமிர்ந்து நின்று, கைத்தொலைபேசியில் இடக்குறியை எட்டு இலக்கத்தில் எடுத்தேன். பிரித்தானிய நிலவரைக் கட்டத்தில் ஆறு இலக்கம் நூறு மீற்றர்ச் சதுரத்தையும், எட்டு பத்து மீற்றரையும், பத்து இலக்கம் ஒரு மீற்றரையும் குறிக்கும். கைத்தொலைபேசியின் துல்லியத்துக்கு எட்டுக்கு மேல் எழுதுவது பாவனைதான்.

தனியாகக் கிடைத்த ஒற்றைக் காசு சட்டப்படி புதையல் அல்ல. அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்பொருள்களைப் பதிவதற்கென்றே 1997 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு திட்டம் நடந்து வருகிறது. பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் அதில் ஏறியிருக்கின்றன. மாவட்டத்துக்கான பதிவு அலுவலரிடம் கமக்காரரின் சம்மதத்தோடு கொண்டுபோனேன். அவர் உருப்பெருக்கியின் கீழ் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மன்னர் மூன்றாம் ஹென்றி காலத்து நீள்சிலுவை வகை, 1247க்குப் பிந்தியது என்றார். காசின் விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்த ஆழம், உழுத மண்ணா உழாத மண்ணா, அருகில் வேறு என்ன கிடைத்தது என்றே கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது மீற்றருக்குள் கிடைத்த வார்ப்பூட்டையும் வாங்கிப் பதிந்தார். கிண்கிணியைக் காட்டியபோது அவர் முகம் போன போக்கை நான் எழுதப்போவதில்லை.

இன்னொரு குழியைப் பற்றியும் சொல்லிவைக்கிறேன். பெப்ரவரியில் பெரிய ஒலி ஒன்றைத் தொடர்ந்து ஒரு முழம் தோண்டியபோது, துருப்பிடித்த நீள்உருளையின் வளைவு தெரிந்தது. போர்க்காலத்தில் விமானத்தளங்கள் நிறைந்திருந்த நாடு இது. மண்வெட்டியை வைத்துவிட்டு, வந்த தடத்திலேயே பின்வாங்கி, வேலியில் சிவப்புத் துணி கட்டிவிட்டுக் காவல்துறைக்குச் சொன்னேன். தொடாதே, குறி வை, பெரியவர்களுக்குச் சொல் என்று வன்னிப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதும் இதைத்தான். வந்தவர்கள் பார்த்துவிட்டு அது பழைய உழவுப் பொறியின் உறுப்பு என்றார்கள். மன்னிப்புக் கேட்டேன், இப்படியே செய்யுங்கள் என்றார்கள். வீட்டில் இதைச் சொல்ல ஒரு வாரம் எடுத்தது.

மார்ச் முதல் வாரம் வயலை உழுதுவிட்டார்கள்; இனி ஓகஸ்ட் அறுவடைக்குப் பிறகுதான். தட்டின் உறையைக் கழற்றி உள்ளே சேர்ந்திருந்த மணலைக் கழுவி, தண்டின் பூட்டுகளைத் துடைத்து, மின்கலத்தைப் பாதி ஏற்றிக் கருவியை அலுமாரிக்குள் வைத்தேன். பத்து நாள் கழித்துக் கமக்காரர் தொலைபேசியில் அழைத்தார். விதைப்பின்போது உழவு இயந்திரத்தின் இணைப்பாணி ஒன்று வயலின் வடக்கு ஓரத்தில் எங்கோ கழன்று விழுந்துவிட்டதாம். புதியது வாங்க மனமில்லை, வர முடியுமா என்றார். இரும்பை விலக்கி வைத்திருந்த அமைப்பை மறக்காமல் மாற்றிக்கொண்டு போனேன். இருபத்தைந்து நிமிடத்தில், எண் 12இல், இரண்டு விரல் ஆழத்தில் கிடைத்தது.